ஆற்றங்கரை வீட்டில் வெள்ளம் வடிந்த பிறகு: முதல் நாளிலிருந்து மறுபடி குடியேறும் வரை

வெள்ளம் வடிந்து வீட்டுக்குத் திரும்பும் குடும்பத்துக்கு ஒரே நினைப்புதான் இருக்கும். தண்ணீரை இறைத்து, தரையைக் கழுவி, மின்சாரத்தைப் போட்டு, இன்றிரவே இங்கே படுக்க முடியுமா என்பது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் வெள்ளத்திலிருந்து தப்பியவற்றில் பல, அதற்கப்புறம் வரும் நாட்களில்தான் வீணாகின்றன.

சில வேலைகள் தள்ளிப்போட்டால் கெடும்: ஈரமான புகைப்படங்கள், ஊறிய மெத்தை, சுவரோரம் தேங்கிய சேறு. வேறு சில அவசரப்பட்டால் கெடும்: நீர் இறைப்பது, மின்சாரம் கொடுப்பது, பெயின்ட் அடிப்பது. நடைமுறையில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மோட்டாரை முதல் நாளே ஓட்டிப் பார்க்கிறார்கள், ஆல்பத்தை மூட்டைக்குள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அதைத் தவிர்க்கத்தான்.

1. போகலாமா என்று முதலில் பாருங்கள்

ஆற்று வெள்ளம் ஒரே தடவையில் முடிந்துவிடாது. மேலே பெய்த மழை இறங்கி வர நேரம் எடுக்கும், அணை திறந்தால் மட்டம் மறுபடி ஏறும். திரும்பலாம் என்று அதிகாரிகள் சொன்ன பிறகே கிளம்புங்கள். ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே பெரியவர்களையும் தள்ளிவிடக்கூடும். 30 செ.மீ. ஆழத்தில் சிறிய கார் மிதக்கத் தொடங்கும், 60 செ.மீ. என்றால் பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். கலங்கிய தண்ணீருக்கு அடியில் சாலை இன்னும் இருக்கிறதா என்பதே மேலிருந்து பார்த்தால் தெரியாது.

முதல் நாள் குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், வயதானவர்கள் வர வேண்டாம். இரண்டு பெரியவர்கள் போதும், ஆனால் ஒருவர் தனியாகப் போகக்கூடாது. அடி தடித்த ரப்பர் பூட்ஸ், கையுறை, என்95 முகக்கவசம், நீளமான குச்சி, டார்ச், குடிக்கத் தண்ணீர் எல்லாம் கையில் இருக்கட்டும். டார்ச்சை வாசலுக்கு வெளியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே கேஸ் கசிந்திருந்தால் ஒரு சுவிட்சின் பொறியே போதும்.

2. கதவைத் திறக்கும் முன் வெளியே ஒரு சுற்று

ஆற்றங்கரை வீட்டுக்கும் தெருவில் தண்ணீர் தேங்கிய வீட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான். தேங்கிய தண்ணீர் ஊறவைக்கும், ஓடிய தண்ணீர் மண்ணை அரிக்கும். ஆற்றைப் பார்த்த பக்கத்து மூலைகளிலிருந்து தொடங்குங்கள். அஸ்திவாரத்தின் ஓரத்தில் குச்சியை விட்டுப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போகிறதென்றால் அடியில் மண் இல்லை. படிக்கட்டுக்கும் சுவருக்கும் நடுவே புதிதாக இடைவெளி விழுந்திருக்கிறதா, திண்ணை ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா, கூரையின் விளிம்பு வளைந்து தெரிகிறதா என்று கவனியுங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், அதிலும் 5 மி.மீ.க்கு மேல் வாய் திறந்தது, சும்மா விடக்கூடியது அல்ல.

வீட்டைப் பார்த்ததோடு நிறுத்தாமல் கரையையும் பாருங்கள். வெள்ளத்தின்போது ஆற்றுத் தண்ணீரே கரையைத் தாங்கிப் பிடித்திருக்கும். மட்டம் சட்டென்று இறங்கும்போது அந்தத் தாங்கல் போய்விடும், கரையின் மண்ணோ இன்னும் ஊறிக் கனத்திருக்கும். அதனால் வெள்ளத்தைத் தாங்கிய கரை வடிந்த பிறகு சரிவதுண்டு. ஆற்றுக்கு இணையாகத் தரையில் நீளமான வெடிப்பு கண்டால் அந்தப் பக்கம் நிற்க வேண்டாம். கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்லும் வரை வீட்டுக்குள்ளும் போக வேண்டாம்.

கதவு இறுகியிருந்தால் தோளால் மோதித் திறக்காதீர்கள். மரம் ஊதியிருக்கலாம், அல்லது மேலே உள்ள சுமை நிலையின் மேல் இறங்கியிருக்கலாம். இரண்டாவது காரணம் என்றால் அந்தக் கதவே சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

மின்சாரத்துக்கு விதி ஒன்றுதான்: தண்ணீரில் நின்றுகொண்டு எதையும் தொடக்கூடாது. மெயின் சுவிட்சுக்குத் தண்ணீரில் இறங்கித்தான் போக வேண்டும் என்றால் மின் நிறுவனத்தைக் கூப்பிட்டு வெளியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். மெயினை அணைத்தாலும் சோலார் பேனலிலும் இன்வெர்ட்டர் பேட்டரியிலும் மின்சாரம் இருக்கும். நீரில் மூழ்கிய மின்சார வண்டியின் லித்தியம் பேட்டரி பல நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். அதை வீட்டிலிருந்து தள்ளி, திறந்தவெளியில் நிறுத்துங்கள். கேஸ் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, அங்கிருந்து தகவல் சொல்லுங்கள். சிலிண்டர் மிதந்திருந்தால் குழாயும் ரெகுலேட்டரும் முறுகியிருக்கும். இரண்டையும் மாற்றியாக வேண்டும்.

3. எதையும் நகர்த்தும் முன் படம்

சேற்றில் கிடக்கும் பொருளைப் பார்த்ததும் கை தானாகவே எடுக்கப் போகும். கொஞ்சம் பொறுங்கள். ஒவ்வொரு அறையிலும் வாசலில் நின்று ஒரு முழுச் சுற்று வீடியோ எடுங்கள். அப்புறம் சுவரில் தெரியும் நீர்க்கோட்டின் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுங்கள். மின்சாதனங்களின் பின்னால் உள்ள மாடல் எண், வரிசை எண் தெரியும்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். காப்பீடு கேட்பதானாலும் அரசு நிவாரணம் கேட்பதானாலும் இவைதான் உங்கள் சாட்சி.

காப்பீட்டு மதிப்பீட்டாளர் வரும் வரை எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க வேண்டியதில்லை. அழுகும் பொருளை வைத்திருந்தால் மற்றதும் கெடும். மேலும் சேதம் பரவாமல் தடுப்பது பொதுவாகப் பாலிசிதாரரின் கடமை என்றே பாலிசிகள் சொல்கின்றன. எதை அப்புறப்படுத்தப் போகிறீர்கள் என்று எழுத்தில் தெரிவித்து, படத்தோடு தரைவிரிப்பிலோ திரைச்சீலையிலோ ஒரு துண்டு வெட்டி வைத்துவிட்டு, மீதியைத் தூக்கிப் போடுங்கள். பாலிசியைத் தேடி எடுத்துப் படிக்கவும் இதுதான் நேரம். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் ஆற்று வெள்ளம் சேராமல் இருக்கலாம். சில நாடுகளில் அது தனிப் பாலிசி.

குடும்பத்துக்கு ஒரே நோட்டு போதும். யாரிடம் பேசினோம், என்ன சொன்னார்கள், என்ன செலவு ஆனது என்று எல்லாம் அதில் ஏறட்டும். நாலு பேர் நாலு போனில் குறித்து வைத்தால் மூன்றாவது வாரம் ஒன்றும் கிடைக்காது.

4. இறைப்பதில் நிதானம்

வெளியே தண்ணீர் நிற்கும்போது உள்ளே மட்டும் இறைத்தால் சுவருக்கு ஆபத்து. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர், ஒரு மீட்டர் அகலச் சுவரை ஏறக்குறைய 500 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். ஆழம் இரண்டு மீட்டரானால் அந்தத் தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகி 2000 கிலோவைத் தொடும். உள்ளே உள்ள தண்ணீர்தான் இதைச் சமன் செய்து நிறுத்தியிருக்கிறது.

நிலத்தடி அறை இருந்தால் இன்னும் கவனம் தேவை. வெளியே வடிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் சுவரைச் சுற்றியுள்ள மண் ஊறியே இருக்கும். நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறைக்காதீர்கள். இறைத்ததும் சுவரில் ஒரு கோடு போட்டு, மறுநாள் காலை பாருங்கள். தண்ணீர் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் நிலத்தடி நீர் இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்.

ஜெனரேட்டரையும் டீசல் பம்பையும் வீட்டுக்குள், வராந்தாவில், ஜன்னலோரத்தில் வைக்கவே கூடாது. குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை வாடையும் இல்லை. வெள்ளத்தில் தப்பியவர்கள் அதற்கப்புறம் இதில் இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

5. சேறு காய்வதற்குள்

இது தள்ளிப்போடக்கூடாத வேலை. ஈரமாக இருக்கும்போது மண்வெட்டிக்கு இசைந்து வரும் வண்டல், காய்ந்தால் தரையோடு இறுகிவிடும், மேலாகத் தூசியாகப் பறந்து மூச்சுக்குள்ளும் போகும். எவ்வளவு என்று கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். 20 சதுர மீட்டர் அறையில் 10 செ.மீ. சேறு என்றால் 2 கன மீட்டர், எடை மூன்று டன்னுக்கு மேல். ஒரே குடும்பம் ஒரே நாளில் முடிக்கிற வேலை இல்லை இது. ஆள் கிடைத்தால் கூச்சப்படாமல் கூப்பிடுங்கள்.

முதலில் குச்சியால் தட்டிப் பாருங்கள். பாம்பு அலமாரியின் மேல்தட்டிலும் இருக்கலாம், பூட்ஸுக்குள்ளும் இருக்கலாம். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

வாரிய பிறகு மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். பலரும் விட்டுவிடும் இடங்கள் உண்டு. சுவரோடு பதித்த அலமாரியின் பின்புறம், மேடைக்கு அடியில், தரையோரப் பட்டியின் பின்னால், கதவு நிலையின் அடி. மெயின் துண்டிக்கப்பட்டிருப்பதை உறுதி செய்துகொண்டு, எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு சுவிட்ச் போர்டின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். திருகு கடைசிச் சுற்றில் விடும்போதே பழுப்புத் தண்ணீர் கோடாக வழியும். உள்ளே பெட்டியின் அடியில் மாவு போன்ற வண்டல் படிந்திருக்கும், செம்பு முனைகளில் பச்சை ஏறத் தொடங்கியிருக்கும். நீர்க்கோட்டுக்குக் கீழே உள்ள எல்லாப் பெட்டியும் ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருக்கும்.

கிருமிநாசினி கடைசியில்தான். சேறு இருக்கும் இடத்தில் குளோரினை ஊற்றினால் அது சேற்றோடேயே வினைபுரிந்து வலுவிழந்துவிடும். சோப்புத் தண்ணீரால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, அப்புறம் நீர்த்த பிளீச்சை விட்டு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பிளீச்சோடு கழிப்பறை ஆசிடையோ அமோனியா கலந்த திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் எலிச் சிறுநீரும் கலந்திருக்கும். காலில் சின்னக் கீறல் இருந்தாலும் நீர் புகாத கட்டுப் போட்ட பிறகே இறங்குங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எலிக்காய்ச்சல் உடனே தெரியாது, பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் வரும், ஒரு மாதம் வரைகூட ஆகலாம். வேலை முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வெள்ளச் சேற்றில் வேலை செய்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

6. எது வேண்டும், எது வேண்டாம்

குடும்பத்துக்குள் சண்டை வரும் இடம் இதுதான். ஒரு கேள்வியை வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்: இந்தப் பொருளின் உட்புறம் வரை கழுவ முடியுமா? முடியும் என்றால் வைக்கலாம். உலோகம், கண்ணாடி, பீங்கான், கெட்டி பிளாஸ்டிக், நல்ல மரம் எல்லாம் தேறும். மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த சோபா, மரத்தூள் பலகை அலமாரி தேறாது. குளிர்சாதனப் பெட்டி மிதந்திருந்தால் அதன் சுவருக்குள் இருக்கும் நுரை ஊறியிருக்கும், எவ்வளவு துடைத்தாலும் வாடை போகாது. வெள்ளத் தண்ணீர் பட்ட உணவு, திருகு மூடி பாட்டில்கள், மருந்துகள் எல்லாமே குப்பைக்குத்தான். நசுங்காத, துருப்பிடிக்காத உலோக டப்பாக்களை மட்டும் கழுவிக் கிருமி நீக்கி வைத்துக்கொள்ளலாம்.

நல்ல மரச் சாமானை வெயிலில் வைக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும். நிழலில், தரையில் படாமல் தூக்கி வைத்து, காற்றோட்டத்தில் காய விடுங்கள். இறுகிப்போன இழுப்பறையை முன்னாலிருந்து இழுத்தால் கைப்பிடிதான் கையோடு வரும். பின்பலகையைக் கழற்றிப் பின்னாலிருந்து தள்ளுங்கள்.

புகைப்படங்களுக்கு முதல் இரண்டு நாள்தான் நேரம், அதற்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். ஆல்பத்தில் ஒட்டிய படங்களைப் பிய்க்காதீர்கள். ஈரத்தில் படத்தின் மேல்பரப்பு இளகியிருக்கும், விரல் பட்டாலே முகங்கள் வழுக்கிக்கொண்டு போகும். அகலமான தட்டில் சுத்தமான குளிர்ந்த நீரை விட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து மெதுவாக அலசி, படம் மேலே தெரியும்படி துணிமேல் பரப்புங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால், அலசிய படங்களுக்கு நடுவே மெழுகுத் தாள் வைத்து, பையில் போட்டு, மின்சாரம் உள்ள உறவினர் வீட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் பூஞ்சை வளராது, மாதக்கணக்கில் கழித்துக்கூட எடுத்துச் செய்யலாம். பத்திரங்கள், சான்றிதழ்கள், பழைய கடிதங்களையும் இப்படியே உறையவைக்கலாம். நகல் இல்லாதது முதலில், நகல் கிடைக்கக்கூடியது கடைசியில். கணினியின் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று மின்சாரத்தில் மாட்டாதீர்கள், தரவு மீட்பவரிடம் அப்படியே கொடுங்கள்.

பழைய பொருளைத் தூக்கிப் போட முடியாமல் யாராவது தயங்கினால் அவசரப்படுத்த வேண்டாம். அந்தப் பொருள் ஒரு நாள் வாசலில் கிடக்கட்டும். பெரும்பாலும் மறுநாள் அவர்களே முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

7. உலர்த்துவது: பொறுமை வேண்டிய இடம்

சுவரின் மேற்பரப்பு காய்ந்துவிட்டது போலத் தோன்றுவதை நம்பாதீர்கள். செங்கல் சுவர் ஒரு மாதத்துக்கு ஏறக்குறைய 25 மி.மீ. கனம் காயும் என்பது கட்டடக்காரர்களின் தோராயக் கணக்கு. இரண்டு பக்கமும் காற்றுப் படும் 23 செ.மீ. சுவருக்கே அந்தக் கணக்கில் நாலைந்து மாதம் ஆகும். அதைக் குறைக்க வழி, காற்று படவிடாமல் சுவரை மூடியிருப்பதை எடுப்பதுதான். சுவர்க் காகிதம், பிளாஸ்டிக் பெயின்ட், மரப் பலகை ஒட்டு எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் நீர்க்கோட்டுக்கு மேலே 30 செ.மீ.க்குக் குறையாமல் வெட்டி எடுங்கள். ஈரம் கோட்டோடு நிற்காது, மேலே ஏறியிருக்கும். உள்ளே இருக்கும் பஞ்சையும் எடுத்துவிடுங்கள்.

வெளிக்காற்று உலர்வாக இருக்கும்போது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். வெளியே மழையும் புழுக்கமும் என்றால் திறந்து வைப்பதால் லாபமில்லை. மூடிவிட்டு, பாதுகாப்பான மின்சாரம் இருந்தால் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓட்டுங்கள். சூடு காட்டி ஒரேயடியாகக் காயவைத்தால் மரம் முறுகும், பூச்சு வெடிக்கும்.

காய்ந்ததா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. 45 செ.மீ. சதுரத் தெளிவான பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையிலோ சுவரிலோ ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. மரத்துக்கு ஈரமானி வேண்டும். 15 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மேலே எதையும் வைத்து மூடாதீர்கள்.

சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம். ஈரம் வெளியேறும்போது உப்பை விட்டுவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும்.

8. தண்ணீர், கழிவு

மூழ்கிய கிணறு, தரைமட்டத் தொட்டி எதுவானாலும் இறைத்து, சேறு வாரி, குளோரின் போட்டு, ஆய்வகத்தில் சோதித்த பிறகே குடிக்க வேண்டும். அதுவரை தெளிந்த நீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடிக்கலாம். 2000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம். எரிபொருள், பூச்சிமருந்து போன்ற ரசாயனங்கள் கலந்திருந்தால் கொதிக்கவைப்பது உதவாது.

செப்டிக் டேங்க்கை உடனே காலி செய்யச் சொல்லாதீர்கள். சுற்றிலும் மண் ஊறியிருக்கும்போது காலியான தொட்டி மேலே மிதந்து வந்து குழாய்களை உடைத்துவிடலாம்.

9. மின்சாரமும் பூச்சும்

நனைந்த பிரேக்கர், பியூஸ், பிளக் பாயின்ட் எதையும் காயவைத்துப் பயன்படுத்தக்கூடாது, மாற்றித்தான் ஆக வேண்டும். எலக்ட்ரீஷியன் வயர்களின் காப்பை (இன்சுலேஷன்) சோதனை செய்து, ஒவ்வொரு மின்சுற்றாக இணைப்புக் கொடுக்கட்டும். மோட்டார் உள்ள எந்தச் சாதனத்தையும் பிரித்துப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம்.

பூச்சை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடத்தைக் கொத்தி எடுத்தால் போதும், முழுச் சுவரையும் கொத்த அவசியமில்லை. பெயின்ட்டுக்கு அவசரமே வேண்டாம். ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் சில மாதத்தில் கொப்புளித்து உரியும், பின்னால் பூஞ்சை தங்கும். விசேஷம் ஏதாவது வருகிறது, வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்றால் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளுங்கள். அதன் வழியாக ஈரம் வெளியேறும்.

10. அடுத்த வெள்ளத்துக்கு

"நூறாண்டு வெள்ளம் வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பெயருக்குப் பொருள், ஒவ்வொரு ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான். 30 ஆண்டு அதே வீட்டில் இருந்தால் ஒரு முறையாவது அது வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதம். கரை ஏற்கெனவே வீட்டை நோக்கி அரித்து வருகிறது என்றால், பழுது பார்க்கும் பணத்தை வேறிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கரை உறுதியாக இருந்து தண்ணீர் மட்டும் ஏறி இறங்கிய வீட்டைத் திருத்திக்கொண்டு வாழலாம்.

திருத்துவதென்றால் இப்போதே, சுவர் திறந்து கிடக்கும்போதே செய்யுங்கள். பிளக் பாயின்ட்டுகளையும் மின்பெட்டியையும் நீர்க்கோட்டுக்கு மேலே ஏற்றி, வயர்களை மேலிருந்து இறக்கச் சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் மரத்தூள் பலகைக்குப் பதில் கல், ஓடு, உலோகம். கழிவுக் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு. கதவுக்குத் தடுப்புப் பலகை வைப்பதானால் 60 செ.மீ. உயரம் போதும். அதற்கு மேல் தண்ணீரைத் தடுத்து நிறுத்தினால் முன்பு சொன்ன அழுத்தம் சுவர்மேல் விழும், உள்ளே விட்டுவிடுவதே சுவருக்கு நல்லது.

பக்கத்துப் பாலத்தடியிலோ மதகிலோ ஆற்றின் அளவுகோல் இருக்கும். இந்த வெள்ளத்தில் அது எந்த எண்ணைத் தொட்டபோது தண்ணீர் உங்கள் படியேறியது என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குக் கீழே இரண்டு எண்களைக் குடும்பமாகப் பேசி முடிவு செய்து, மின்பெட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். முதல் எண்ணில் வண்டியும் பத்திரப் பையும் மேட்டுக்குப் போக வேண்டும், இரண்டாவது எண்ணில் மெயினை அணைத்துவிட்டு எல்லோரும் கிளம்ப வேண்டும். யார் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போவது, யார் கேஸை மூடுவது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.